வன்னியின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள்: சோதனை நன்று, ஓட்டை அதற்குப் பிறகுதான்

பிரதேச வைத்தியசாலையில் ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) பக்கத்தில் ஒரு சின்ன அறை. உள்ளே உயரம் அளக்கும் கோல், தராசு, பிரசர் கருவி, விரலில் குத்திச் சீனி பார்க்கும் மீற்றர். சுவரில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புக் கட்டங்கள் போட்ட ஒரு அட்டவணை. ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம் என்பது இதுதான். வைத்தியசாலை ஆட்கள் எச்.எல்.சி. என்பார்கள். வருத்தம் வந்தவருக்கு ஓபிடி இருக்கிறது. இந்த அறை வருத்தம் தெரியாதவருக்கானது. அதனாலேயே பலர் இதைக் கடந்து போய் மருந்து வரிசையில் நிற்கிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வன்னியில் அரச சுகாதார சேவையை மேம்படுத்தக் கொண்டுவந்த திட்டங்களில் சாதாரண மனிதருக்கு மிக அதிகம் பயன் தரக்கூடியது இந்த அறைதான். பிரசர், சீனி, கொலஸ்ரோல், வாய், மார்பு, கண் எல்லாவற்றையும் ஒரு காலைக்குள் ஒரு சதமும் வாங்காமல் பார்த்து விடுகிறார்கள். குறை அந்த அறைக்கு வெளியே இருக்கிறது. எடுத்த இரத்தம் ஆய்வுகூடம் போய்ச் சேரும் வழியிலும், எழுதிய கடிதம் நிபுணரிடம் போய்த் திரும்பும் வழியிலும்தான் ஆட்கள் தொலைந்து போகிறார்கள்.

இந்த நிலையங்கள் 2011இல் சுகாதார அமைச்சின் தொற்றா நோய்ப் பிரிவால் தொடங்கப்பட்டவை. 2018இல் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பைத் திருத்தியமைக்கும் புதிய கொள்கை வந்தது. அதே ஆண்டு உலக வங்கி ஆரம்ப சுகாதார சேவையை வலுப்படுத்த 200 மில்லியன் டொலர் கடன் தந்தது. சிறிய வைத்தியசாலைகளில் புதிய கட்டிடம், கருவி, ஆய்வுகூட வசதி என்று வந்தவற்றில் ஒரு பகுதி அந்தப் பணம். இதை நெதர்லாந்து உதவித் திட்டத்தோடு குழப்பக் கூடாது. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் பெண்கள் நலத்துக்கென்று 2024இல் திறந்த சிறப்பு நிலையம் அந்த உதவியில் வந்தது. அது பெரிய வைத்தியசாலைக்கான முதலீடு. இங்கே பேசுவது ஊருக்குக் கிட்ட இருக்கிற சின்ன அறையைப் பற்றி.

யார் போகலாம்? 35 வயதைத் தாண்டிய எவரும். வயது குறைவாக இருந்தாலும் உடல் பருமன், புகைத்தல், குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு அல்லது சீனி வருத்தம் இருந்தால் போகலாம். யாருடைய கடிதமும் தேவையில்லை. ஆனால் எந்தக் கிழமை, எத்தனை மணி என்பது இடத்துக்கு இடம் வேறு. சில இடங்களில் கிழமையில் ஒரு நாள், சில இடங்களில் தினமும், இன்னும் சிலவற்றில் சனிக்கிழமையும் திறக்கிறார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு பஸ் ஏறிப் போய், இன்று இல்லை என்று திரும்புகிறவர் இரண்டாம் முறை வருவது அபூர்வம்.

முதல் நாள் இராச்சாப்பாட்டை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். சீனிக்கு எட்டு மணித்தியாலம் வெறும் வயிறு போதும். கொழுப்பு வகை எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பதென்றால் பத்திலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம் வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கத்தான் வேண்டும். விடியற்காலைத் தேத்தண்ணி, சீனி போடாவிட்டாலும் வேண்டாம். வெற்றிலையும் வேண்டாம், பாக்கும் புகையிலையும் நெஞ்சுத் துடிப்பையும் பிரசரையும் கொஞ்ச நேரத்துக்கு ஏற்றிவிடும். ஏற்கெனவே பிரசர் குளிசை எடுப்பவர் அதை வழமைபோலத் தண்ணீரோடு எடுக்கலாம். சீனிக் குளிசையை மட்டும் இரத்தம் கொடுத்துச் சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும்போதே சீனி இறங்கி வியர்த்து விழுவீர்கள். பையில் அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி, வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசையும் பெட்டியோடு, கண்ணாடி போடுபவரென்றால் கண்ணாடி, இரத்தம் கொடுத்த பின் சாப்பிட ஏதாவது. ஆயுர்வேதக் குளிகை, தனியார் மருந்தகத்தில் வாங்கிய நோக் குளிசை (வலிக்குப் போடுவது) எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். நோக் குளிசை ஏன் முக்கியம் என்பதைச் சிறுநீரகம் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

உள்ளே போனதும் முதலில் கேள்விகள். புகைக்கிறீர்களா, குடிக்கிறீர்களா, வெற்றிலை போடுகிறீர்களா, எவ்வளவு உடலுழைப்பு, குடும்பத்தில் யாருக்கு என்ன. இதை வெட்கப்பட்டு மறைப்பதில் ஒரு பயனும் இல்லை. ஏனென்றால் புகைக்கிறவரா இல்லையா என்பதை வைத்தே சுவர் அட்டவணையில் உங்கள் கட்டம் மாறுகிறது. பொய் சொன்னால் பொய்யான கட்டம் கிடைக்கும்.

பிரசர் எடுப்பதில்தான் பிழை அதிகம் நடக்கிறது. பிழை கருவியில் இல்லை, அவசரத்தில். சைக்கிள் மிதித்து வந்தவரை உடனே இருத்திக் கையில் பட்டியைச் சுற்றினால் வரும் இலக்கம் அந்த நேரத்து மூச்சின் இலக்கம். ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் நிலத்தில் படிய வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது. கை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில் கிடக்க வேண்டும். சலம் முட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. பேசக் கூடாது. சட்டைக் கைக்கு மேலால் பட்டியைச் சுற்றக் கூடாது. பட்டிக்குள் இருக்கும் காற்றுப்பை மேற்கையின் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்கை மூட வேண்டும். தடித்த கைக்குச் சின்னப் பட்டி போட்டால் பிரசர் இருப்பதைவிடக் கூடக் காட்டும். பல நிலையங்களில் ஒரேயொரு அளவுப் பட்டிதான் இருக்கிறது. பெரிய பட்டி வாங்க ஆகும் செலவு, இல்லாத பிரசருக்கு ஒருவருக்கு ஆயுள் முழுக்க மருந்து கொடுக்கும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை. முதல் தடவை 140/90ஐத் தாண்டினால் ஓரிரு நிமிடம் விட்டு மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சீனி மீற்றரை எடுத்துக்கொள்வோம். பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறே இலக்கத்தை ஏற்றிவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த விரல்தான் சரி. ஸ்பிரிட் தடவினால் அது முற்றாகக் காய வேண்டும். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, இரண்டாம் துளியை எடுக்க வேண்டும். விரலைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் திசுநீர் கலந்துவிடும். ஸ்ரிப் இருக்கும் குப்பி ஒவ்வொரு முறையும் உடனே மூடப்பட வேண்டும். பெரும்பாலான வகை ஸ்ரிப்களை 30 பாகை செல்சியசுக்கு மேல் வைக்கக் கூடாது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மின்விசிறி மட்டும் இருக்கிற அறையில் இது பெரிய பிரச்சினை. குப்பியைத் திறந்த திகதியை அதன் மேல் பேனாவால் எழுதி வைத்திருக்கிற நிலையம் என்றால் நம்பிப் போகலாம். அந்த ஒரு பழக்கம் அங்கே வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

எவ்வளவு கவனமாக எடுத்தாலும் மீற்றர் 15 வீதம் மேலே கீழே போகலாம் என்பது சர்வதேசத் தரமே அனுமதிக்கிற அளவு. ஆகவே வெறும் வயிற்றில் 118 என்று வந்தால் உண்மை 126ஐத் தாண்டியும் இருக்கலாம், 105ஆகவும் இருக்கலாம். வெறும் வயிற்றில் நாளத்து இரத்தத்தில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு; 100இலிருந்து 125 வரை என்றால் நீரிழிவுக்கு முந்திய நிலை. மீற்றரில் 100ஐத் தாண்டிய எல்லோருக்கும் கையில் இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். மீற்றர் இலக்கத்தை மட்டும் வைத்து மருந்து தொடங்குவதும் பிழை, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவதும் பிழை.

நிறையும் உயரமும் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று நினைப்போம். வன்னியில் அப்படியல்ல. போரில் காலிழந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். அச்சடித்த படிவத்தில் அவர்களுக்கென்று ஒரு கட்டம் இல்லை. பொய்க்காலோடு தராசில் ஏறினால் பொய்க்காலின் நிறையும் சேரும். கழற்றிவிட்டு ஏறினால் இழந்த காலின் நிறை குறையும். இரண்டையும் அப்படியே எழுதினால் உடல் திணிவுச் சுட்டெண் (உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் இலக்கம்) பிழை. சரியான வழி: பொய்க்காலைக் கழற்றிவிட்டு, கதிரையோடு அல்லது பிடித்துக்கொண்டு நிறுத்து, கதிரையின் நிறையைக் கழித்து, பிறகு இழந்த பகுதிக்குத் திருத்த வேண்டும். முழங்காலுக்குக் கீழே இல்லையென்றால் அது மொத்த உடல் நிறையில் ஏறத்தாழ 5.9 வீதம், முழுக் காலும் இல்லையென்றால் 16 வீதம், முழுக் கை 5 வீதம். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாத, 165 சென்ரிமீற்றர் உயரமான ஒருவர் தராசில் 61 கிலோ காட்டினால் சுட்டெண் 22.4, எல்லைக்குள். 61ஐ 0.941ஆல் வகுத்தால் 64.8 கிலோ. சுட்டெண் 23.8. தெற்காசியருக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்பதால் அவர் இப்போது மற்றப் பக்கத்தில் நிற்கிறார். இரண்டு காலும் இல்லாதவருக்கு உயரத்துக்குப் பதிலாக இரு கையும் விரித்து நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை அளக்கலாம். இன்னும் எளிது இடுப்பளவு: ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. கால் இருக்கிறதோ இல்லையோ இது பொருந்தும்.

கால் இழந்தவருக்குச் சீனி வருத்தமும் இருந்தால் மிஞ்சியிருக்கிற பாதத்தைப் பார்ப்பதுதான் அந்தக் காலையின் மிக முக்கியமான வேலை. பத்துக் கிராம் அழுத்தம் தரும் நைலோன் இழையால் உள்ளங்காலில் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலிடுக்கில் வெடிப்பு, ஆணி, நிறமாற்றம் பார்க்க வேண்டும். அவரிடம் இழக்க இன்னொரு கால் இல்லை. போரில் பட்ட செல் துண்டு உடம்பில் கிடப்பவர்கள் அதை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பும்போது அந்த ஒரு வரி ஆபத்தைத் தடுக்கும்.

வாய்ப் பரிசோதனை இரண்டு நிமிட வேலை, ஆனால் விட்டுவிடுகிற நிலையங்களும் உண்டு. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. வயலிலும் கடலிலும் வெற்றிலையும் புகையிலையும் வாயில் அடக்கி வேலை செய்யும் ஊரில் இதை விடவே கூடாது. கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் அடி, நாக்கின் ஓரம் ஆகியவற்றில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இவைதான் தேடுவது. உங்கள் மூன்று விரலை நிமிர்த்தி அடுக்கி மேல் கீழ் முன்பல்லுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். போகவில்லையென்றால் வாய் திறப்புக் குறைந்திருக்கிறது. காரச் சாப்பாடு எரிகிறது என்பதோடு இதுவும் சேர்ந்தால் பல் வைத்தியரிடம் உடனே போக வேண்டும்.

மார்புப் பரிசோதனைக்குத் திரையும் பெண் ஊழியரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள். கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இங்கே இல்லை. அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் நல்வாழ்வுப் பெண்கள் கிளினிக்கில், 35 வயதிலும் 45 வயதிலும். குடும்பநல உத்தியோகத்தர் பெயரைப் பதிந்து அழைப்பார்.

இனிச் சிறுநீரகம். வவுனியாவும் முல்லைத்தீவின் தென்பகுதியும் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் பகுதிகளுக்குள் வருகின்றன. ஆகவே இங்கே ஒரு நிலையத்தை மதிப்பிடும்போது கேட்க வேண்டிய முதற் கேள்வி: இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) பார்க்கிறார்களா? சில இடங்களில் சலத்தில் ஸ்ரிப் முக்கிப் புரதம் இல்லை என்று கண்டதும் சிறுநீரகம் நல்லம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சீனியால் வரும் சிறுநீரக நோயில் புரதம் முதலில் கசியும் என்பது சரி. ஆனால் இந்தப் பகுதி நோயில் பழுது முதலில் சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலும் அவற்றைச் சுற்றிய திசுவிலும் வருகிறது. தொடக்கத்தில் புரதம் மிகக் குறைவாகவே, சில வேளை இல்லாமலேகூட இருக்கும். சலம் சுத்தமாகக் காட்டிய விவசாயிக்கும் இரத்தத்தில் கிரியற்றினின் பார்த்து, வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துச் சிறுநீரகம் வடிகட்டும் வீதத்தைக் கணக்கிட வேண்டும். அது 60க்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்து நின்றால்தான் நாட்பட்ட நோய் என்று பெயர் சொல்லலாம்.

அந்த மூன்று மாதம் முக்கியம். நெல் அருவி வெட்டும் காலத்தில், நாள் முழுக்க வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காமல் அடுத்த நாள் வந்து இரத்தம் கொடுத்தால் கிரியற்றினின் ஏறியிருக்கும். முதுகு நோவுக்கு டைக்ளோபெனாக் போட்டுக்கொண்டு வந்தாலும் ஏறலாம். இந்தக் குளிசைதான் பையில் கொண்டுவரச் சொன்ன நோக் குளிசை. நாட்பட்ட பாவனையில் அது சிறுநீரகத்தையே கெடுக்கும். எலிக்காய்ச்சல் வந்து தேறியவருக்கும் ஏறி இறங்கும். ஆகவே முதல் இலக்கத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். இரண்டு நாள் ஓய்வு, போதிய தண்ணீர், நோக் குளிசை நிறுத்தம், பிறகு மறுபடி இரத்தம், மூன்று மாதத்தில் இன்னொருமுறை. வடிகட்டும் வீதம் 30க்குக் கீழே போனால் மெற்போமின் என்ற சீனிக் குளிசை எடுக்கக் கூடாது என்பதால் சீனி வருத்தக்காரருக்கு இது இரட்டிப்பு அவசியம். ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கிறேன், எனக்கு வராது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நோயின் காரணமே தீர்மானமாகாதபோது அப்படி உறுதி சொல்ல முடியாது.

எல்லாம் முடிந்தால் சுவர் அட்டவணை. ஆணா பெண்ணா, வயது, புகைத்தல், மேல் பிரசர், சீனி வருத்தம், மொத்தக் கொலஸ்ரோல் ஆறையும் வைத்து அடுத்த பத்து ஆண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் சாத்தியம் எத்தனை வீதம் என்று பார்க்கிறார்கள். 5 வீதத்துக்குக் கீழே பச்சை, 10க்குக் கீழே மஞ்சள், 20க்குக் கீழே செம்மஞ்சள், அதற்கு மேலே சிவப்பு. கொலஸ்ரோல் பார்க்க வசதியில்லாத இடத்துக்கு உடல் திணிவுச் சுட்டெண்ணை வைத்துப் பார்க்கும் இன்னொரு அட்டவணையும் உண்டு. ஊழியர்கள் இதை நோயாளிக்கே காட்டி விளக்குகிற இடத்தில் பயன் அதிகம். புகைத்தலை விட்டால் உங்கள் கட்டம் இங்கே வந்துவிடும் என்று விரலால் தொட்டுக் காட்டும்போது ஆளுக்கு விளங்குகிறது. ஆனால் இந்த அட்டவணைக்குக் குடும்ப வரலாறு தெரியாது, சிறுநீரக நோய் தெரியாது. தகப்பன் நாற்பதுகளில் மாரடைப்பில் போனவர் பச்சைக் கட்டத்தில் நின்றாலும் அதை டொக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னதற்குள் குறைகள் இருந்தாலும் அவை திருத்தக்கூடிய சின்னக் குறைகள். இனிச் சொல்வதுதான் பெரிது.

பிரதேச வைத்தியசாலையில் காலை எட்டு மணிக்கு எடுத்த இரத்தம் ஆதார வைத்தியசாலை ஆய்வுகூடத்துக்கு எப்போது போகிறது? அம்புலன்ஸ் வேறு வேலைக்குப் போகும்போது சேர்த்து அனுப்புகிற இடங்களில் பதினொரு மணி, பன்னிரண்டு மணி ஆகிவிடும். இரத்தக் கலங்கள் குழாய்க்குள் இருந்தாலும் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் அறை வெப்பத்தில் மணித்தியாலத்துக்கு 5இலிருந்து 7 வீதம் வரை குறையும், வெப்பம் கூடினால் இன்னும் கூட. எட்டு மணிக்கு 130ஆக இருந்தது பதினொரு மணிக்கு 110க்குக் கிட்ட வந்துவிடும். நீரிழிவுக்காரர் நீரிழிவு இல்லாதவராக வீடு போவார். சோடியம் புளோரைட் போட்ட, சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் அனுப்பினால் இது பெருமளவு தவிர்க்கப்படும். குண்டும் குழியுமான உள்வீதியில் குலுங்கி வரும்போது செங்கலங்கள் உடைவது இன்னொரு பிரச்சினை. பொட்டாசியம் உண்மையில் இருப்பதைவிடக் கூடக் காட்டும். வைத்தியசாலையிலேயே ஒரு மையநீக்கச் சுழற்றி இருந்து சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதியை) பிரித்து அனுப்பினால் அதுவும் தீரும். ஒரு புதுக் கட்டிடத்தின் நிறப்பூச்சுச் செலவில் இது இரண்டையும் செய்யலாம். நிலையத்தில் நீங்கள் கேட்கக்கூடிய கேள்வி எளிமையானது: இரத்தம் எத்தனை மணிக்குப் போகும்? அந்த நேரத்துக்குச் சற்று முன்னதாகக் கொடுக்க வாருங்கள்.

அடுத்தது கடிதம். சிவப்புக் கட்டத்தில் நிற்பவரை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சுகாதார நிர்வாகம் மாவட்ட எல்லையில் நிற்கிறது. பஸ் ஏ9 வீதியில் ஓடுகிறது. துணுக்காய், மல்லாவி மக்கள் முல்லைத்தீவு மாவட்டம். ஆனால் மாஞ்சோலையில் இருக்கும் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு மாங்குளம் வந்து ஏ34இல் கிழக்கே கடற்கரை வரை போக வேண்டும். கிளிநொச்சியோ வவுனியாவோ அவர்களுக்கு நேர் பஸ். கடிதம் ஒரு இடத்துக்கு எழுதப்படுகிறது, ஆள் இன்னொரு இடத்துக்குப் போகிறார், அங்கே மறுபடி எல்லாப் பரிசோதனையும் புதிதாக. ஒரு நாள் கூலி போனது போனதுதான். நிபுணர் மருந்தை மாற்றி எழுதினாலும் அது ஊர் வைத்தியசாலைக்குத் திரும்பி வருவதில்லை. இரண்டு இடத்து மருந்தையும் சேர்த்துப் போட்டு மயங்கி விழுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கணினிப் பதிவும் தனிநபர் சுகாதார இலக்கமும் இதைத் தீர்க்கத்தான் கொண்டுவரப்பட்டன. இலக்கம் கொடுத்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், புதிதாக இன்னொன்று எடுக்காதீர்கள். ஒருவருக்கு இரண்டு இலக்கம் இருந்தால் அவருடைய வரலாறு இரண்டாகக் கிழிந்துவிடும். ஆனால் வலையமைப்பு விழுந்தால் கொப்பிதான். ஆகவே கடிதத்தில் என்ன கேள்விக்காக அனுப்புகிறார்கள், எடுத்த இலக்கங்கள், போடும் மருந்தின் பெயரும் அளவும், திகதி இவை இருக்கின்றனவா என்று பார்த்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிபுணரிடம் பார்த்து முடிந்ததும், ஊர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு வரி எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். கேட்டால் எழுதுகிறார்கள்.

மொழியும் ஒரு இடறல். புதிதாக நியமனம் பெற்று வரும் டொக்டர்களில் தமிழ் நன்றாகத் தெரியாதவர்கள் பலர். தாதி மிஸ் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தால் சரி. நெரிசலில் அது நடக்காதபோது நெஞ்சு அடைக்கிறது என்பதும் நெஞ்சு எரிகிறது என்பதும் ஒன்றாகிவிடும். உழைக்கும்போது வந்து, ஓய்வெடுத்தால் போகிற நெஞ்சிறுக்கம் என்றால் கையால் நெஞ்சைப் பிடித்து, நடந்து காட்டியாவது விளங்கவைத்துவிட்டே எழும்புங்கள்.

ஆண்கள் வருவது குறைவு. இது நாடு முழுக்க உள்ள குறைதான், ஆனால் வன்னியில் காரணம் சோம்பல் அல்ல, நேரம். காலபோக விதைப்பும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் காலை எட்டு மணி வயலுக்கான நேரம். கடற்தொழிலாளி கரைக்கு வருவதே அப்போதுதான். இரவெல்லாம் கடலில் தேத்தண்ணியும் சாப்பாடுமாக நின்றவருக்கு வெறும் வயிற்றுப் பரிசோதனை பொருந்தாது. அவருக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பார்க்கலாம், 6.5 வீதமும் மேலும் என்றால் நீரிழிவு. சாப்பாட்டு நேரம் தேவையில்லை. ஊழியர்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு போகிற இடங்களில் ஆண்கள் வரிசையாக வருகிறார்கள். போவதற்கு வழிகாட்டல் அனுமதிக்கிறது. உங்கள் சங்கச் செயலாளர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். மேசை இரண்டு, நிழல், கை கழுவத் தண்ணீர், பெண்களுக்குத் திரை இவற்றைச் சங்கம் ஒழுங்கு செய்தால் மிச்சத்தை அவர்கள் கொண்டுவருவார்கள்.

மருந்து தட்டுப்பாடு 2022 அளவுக்கு இப்போது இல்லை என்றாலும், கொலஸ்ரோலுக்கான அற்றோவாஸ்ரற்றின், பிரசருக்கான லொசாற்றன் போன்றவை வெளியில் வாங்க எழுதப்படுவது உண்டு. துண்டில் மருந்தின் பொதுப்பெயர் இருந்தால் அரச மருந்தகமான ஒசுசலவிலோ வேறெங்குமோ விலை குறைந்ததை வாங்கலாம். காசில்லாமல் வாங்காமல் விட்டால் அடுத்த முறை அதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், மருந்து போட்டும் பிரசர் குறையவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வடக்குக்கு 2018 ஜூலையில் வந்தது. அழைப்பும் பயணமும் இலவசம், தமிழில் பேசலாம். இது கிளினிக் போக அல்ல. சிவப்புக் கட்டத்தில் நிற்பவருக்கு நெஞ்சிறுக்கமோ ஒரு பக்க வாய்க்கோணலோ கை விழுதலோ வந்தால் அழைக்க. உள்ளூர் வீதிகளுக்குப் பெயர்ப்பலகை இல்லாததால் நேரம் அங்கேதான் போகிறது. எந்தப் பிரதான வீதி, எந்தச் சந்தி, அங்கிருந்து எந்தப் பாடசாலை அல்லது கோயில், எந்தக் குளக்கட்டு என்ற ஒழுங்கில் சொல்லுங்கள். ஒருவரை மோட்டார்சைக்கிளில் சந்திக்கு அனுப்புங்கள், இரவென்றால் ரோச் வெளிச்சத்தோடு. நோயாளியின் கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் வாசலில் எடுத்து வையுங்கள். பக்கவாதமென்றால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாமா என்பதை அந்த மணியை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள்.